நாற்காலி யாருக்கு, சிரிப்பு யார்மேல்?

ஊருக்குள் புதிதாகப் போட்ட ரோடு. திறப்பு விழாவுக்கு அப்புறம் ஒரே ஒரு மழைதான் பெய்திருக்கிறது. அதற்குள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். டீக்கடை பெஞ்சில் ஒருவர், "துட்டை வாங்கிட்டு மண்ணை அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டானுவ" என்று பொரிந்து தள்ளுகிறார். பக்கத்தில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைக்காமலே சொல்கிறார்: "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி. பிள்ளையளுக்கு நீச்சல் படிச்சுக் கொடுக்க இனிமே ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாண்டாம்லா?"

விஷயம் ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான். ஆனால் முதல் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். இரண்டாவது சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். காண்ட்ராக்டர் காதிலும் விழும். அவர் சண்டைக்கு வரவும் முடியாது. அவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே.

தொல்காப்பியத்தைக் கேட்டால் இந்த இரண்டுமே அங்கதம்தான் என்று சொல்லும். செய்யுளியலில் அங்கதம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நேராக வைதால் செம்பொருள் அங்கதம். வசையை உள்ளே ஒளித்து வைத்தால் பழிகரப்பு அங்கதம். இன்றைக்கு மேடையிலும் திரையிலும் அங்கதம் என்று பேர் வாங்குவது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது செய்ததும் அதுதான். உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவல் வீட்டில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பாவம், முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்க என்னவோ புகழ்ச்சி. நீ சண்டையே போடாதவன், அவன் தினமும் போடுகிறவன் என்ற கடைசி அடியை ஔவை எடுத்து வைக்கவில்லை. அதைத் தொண்டைமானே எடுத்து வைக்கும்படி விட்டுவிட்டார்.

அங்கதத்தின் சூட்சுமம் இந்த விட்டுவிடுதலில் இருக்கிறது. சொல்பவர் முக்கால்வாசி சொல்வார். மிச்சத்தைக் கேட்பவர் முடிப்பார். அதனால்தான் யூடியூபில் பழைய அமெரிக்க, இங்கிலாந்து நகைச்சுவை, அரட்டை நிகழ்ச்சிகளின் துண்டுகளைப் பார்க்கிற நம் பிள்ளைகள், "இதுல என்ன சிரிப்பு இருக்கு?" என்று கேட்கிறார்கள். அந்த ஜோக்கின் மிச்சக் கால்வாசி அன்றைய செய்தித்தாளில் இருந்தது. அந்தச் செய்தித்தாள் நம் கையில் இல்லை. அந்த முன்னோடிகள் யார், அவர்கள் செய்ததில் புதுசு என்ன என்பதை நம் பக்கத்துச் சங்கதிகளை வைத்தே சொல்லிப் பார்க்கலாம்.

மேலே பார்த்துச் சிரிப்பது

சிரிக்க வைப்பதெல்லாம் அங்கதம் ஆகிவிடாது. ஒருவர் நடையை, நிறத்தை, திக்குவாயை வைத்துச் சிரிக்க வைத்தால் அது கேலி. அங்கதம் தன்னைவிட உயரத்தில் இருப்பவரை நோக்கிப் போகிறது. அதிகாரம், பணம், பட்டம், சாதித் திமிர் இப்படி ஏதோ ஒன்றை. கீழே நோக்கி எறிந்தால் அதில் சிரிப்பு இருக்கலாம், துணிச்சல் இருக்காது. எத்தனையோ தமிழ்ப் படங்களில் நெல்லைத் தமிழ் பேசும் ஒரு ஆளைக் கொண்டுவந்து "ஏலே" என்று நாலு தடவை சொல்ல வைத்துவிட்டு, அதையே நகைச்சுவை என்று காட்டினார்கள். ஊர்க்காரன் என்ற முறையில் நானும் சிரித்திருக்கிறேன், வேறு வழி? ஆனால் அந்தச் சிரிப்பால் எந்தப் பெரிய மனுஷனுக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

மேலே பார்த்துச் சிரிப்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சாட்சி உண்டு. தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற இடத்தில், இன்றைய சீவலப்பேரிப் பக்கம், நடப்பதாகப் பாடப்பட்டது முக்கூடற்பள்ளு. பள்ளன் என்ற உழவனின் மூத்த பெண்டாட்டி முக்கூடல்காரி, திருமாலைக் கும்பிடுகிறவள். இளையவள் மருதூர்க்காரி, சிவனைக் கும்பிடுகிறவள். ஒரே புருஷனுக்காகச் சண்டை வந்ததும் ஒருத்தி தெய்வத்தை இன்னொருத்தி கிழி கிழி என்று கிழிக்கிறாள். பள்ளனை அதட்டுகிற பண்ணைக்காரனுடைய தோற்றமும் நடையும் அதில் படுகிற பாடு தனி. பண்ணையாரை நேரில் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய காலம். பாட்டுக்குள் மட்டும் அவர் கோமாளி. கோயிலையும் பண்ணையையும் நம்பி வாழ்ந்த சமூகத்தில் அந்த இரண்டையும் ஒரே பாட்டில் கிண்டலடித்தது சாதாரணம் இல்லை.

'ஆமா' போடுகிறவர்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியின் அமைப்பை விளக்குவது சுலபம். சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. மணி கட்டிய நீள வில்லுக்குப் பின்னால் வீசுகோலோடு புலவர் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் குடம், உடுக்கை, தாளம், கட்டை. அவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். வெறும் தலையாட்டல் என்று நினைத்தால் ஏமாந்தோம். கதை இழுக்கும்போது சந்தேகம் கேட்டுக் கலகலப்பாக்குவது அவர்தான். கூட்டம் கண் அசரும் நேரத்தில் முதலில் சிரித்துக் காட்டுவதும் அவர்தான். நடுராத்திரிக்கு மேல் சாமி கதைக்குள் ஊர் நடப்பு மெல்ல நுழையும். "ராசா குடிமக்களுக்காகக் குளம் வெட்டினான்" என்று புலவர் நிறுத்துவார். "ஆமா… எந்த எலெக்‌ஷனுக்கு முன்னால?" என்று குடக்காரர் கேட்பார். கூட்டம் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, குத்தல் புலவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் பயபக்தியோடு ராஜா கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்தான் ஏதோ உளறிவிட்டார். இரண்டு பேராகப் பிரிந்து பேசும்போது யாரும் முழுசாகச் சொன்னதாக ஆகாது. பழிகரப்பு என்று தொல்காப்பியம் சொன்னதை மேடையில் செய்துகாட்ட இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

இந்த மரபிலிருந்து வந்தவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908 நவம்பர் 29-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆனாலும் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வில்லு ஒன்றுதான். சினிமாவுக்கு வந்த பிறகும் அவர் அந்த இரண்டு பேர் ஏற்பாட்டை விடவில்லை. கூடவே டி.ஏ. மதுரம். மதுரம் 'ஆமா' போடுகிறவர் இல்லை, 'அப்படியா?' என்று திருப்பிக் கேட்கிறவர். அந்தக் கால சினிமாவில் ஒரு பெண் ஆம்பளையின் அளப்பை முகத்துக்கு நேராக உடைப்பது எத்தனை புதுசு என்பதைப் பழைய படங்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தை அங்கதப் பாடத்தின் முதல் வகுப்பாகவே வைக்கலாம். கதாகாலட்சேபம் என்றால் கேட்கிறவர்கள் கைகூப்பி உட்காருவார்கள். நந்தனார் சரித்திரம் என்றால் கண்ணீரும் வரும். கலைவாணர் அதே ராகம், அதே பாவம், அதே சப்ளாக்கட்டையை எடுத்துக்கொண்டு, நந்தனை எடுத்துவிட்டுக் கிந்தனை வைத்தார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் ஏங்குவது படிப்புக்கு. படித்துப் பெரிய ஆளாகி ஊருக்கு வந்து நிற்கிறான். உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுகிற இந்த வித்தை உலகம் பூராவும் அங்கதக்காரர்களின் முக்கியமான ஆயுதம். பார்க்கிறவர் மனதில் இரண்டு கதையும் ஒரே நேரத்தில் ஓடும். 'சாமி பார்க்க அனுமதி கேட்டது போதும்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாமல் போனது.

கலைவாணர் 1957-ல் போய்விட்டார். அவருக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் சுப்பு ஆறுமுகம். நம் சத்திரம் புதுக்குளத்துக்காரர், 1928-ல் பிறந்தவர். கோயில் கொடையில் இருந்த வில்லை வானொலிக்கும் நகர மேடைகளுக்கும் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு. சாமி கதைக்கு இருந்த வில்லில் அன்றாட நடப்பைப் பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 2022 அக்டோபரில் காலமானார். தொண்ணூற்று நாலு வயது வரை வாழ்ந்த மனிதரின் வில்லிசை எவ்வளவு பதிவாகிக் கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஊர்க்காரர்களாகிய நாம்தான் இதில் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

செய்தித்தாளோடு வந்த ஆள்

இப்போது கடல் தாண்டலாம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மேடைச் சிரிப்பு என்றால் கோட்டு சூட்டு, போ டை, மாமியார் ஜோக், பெண்டாட்டி ஜோக். பெரும்பாலும் வேறு யாரோ எழுதித் தந்ததை ஒப்பிப்பார்கள். 1953 கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் 'ஹங்க்ரி ஐ' என்ற கிளப்பில் மோர்ட் சால் என்ற இளைஞர் ஏறினார். காலேஜ் பையன் போல ஸ்வெட்டர், கையில் அன்றைய செய்தித்தாள். மாமியார் பக்கமே போகவில்லை. நேராக செனட்டர் மெக்கார்த்தியிடம் போனார். யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக்கு இழுத்த மெக்கார்த்தியைக் கண்டு ஹாலிவுட்டே நடுங்கிய சமயம் அது. அப்போது அதிபர் ஐசனோவர் பெயரில் ஒரு மாடல் ஜாக்கெட் பிரபலம். சால் சொன்னதன் சாரம் இது: மெக்கார்த்தி ஜாக்கெட்டும் வந்திருக்கிறது, எல்லாம் அதே மாதிரிதான், வாயை மூட ஒரு துண்டு துணி மட்டும் கூடுதல்.

விளக்கினால் ஜோக் செத்துவிடும்தான். ஆனாலும் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். தையல்கடைப் பேச்சு மாதிரி தொடங்கி, தையல்கடைப் பேச்சாகவே முடிகிறது. நாட்டில் யாரும் வாய் திறக்க முடியவில்லை என்ற வாக்கியம் அதில் எங்கும் இல்லை.

சாலுக்குச் சீக்கிரமே பெரிய பேர் வந்தது. 1960-ல் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் ஜான் கென்னடிக்கு ஜோக் எழுதிக் கொடுத்தார். கென்னடி ஜெயித்ததும் மறுநாளிலிருந்து கென்னடியையே கிண்டலடிக்கத் தொடங்கினார். நம்மாளு ஜெயிச்சாச்சே, இனி என்ன என்று கூட இருந்தவர்களுக்குக் கடுப்பு. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அம்பு நாற்காலியை நோக்கித்தான்.

பின்னால் அவர் சறுக்கியதும் ஒரு பாடம். கென்னடி கொலைக்குப் பிறகு, அதை விசாரித்த வாரன் கமிஷன் அறிக்கையில் ஓட்டை இருக்கிறது என்று மேடையில் அதையே எடுத்துப் பேச ஆரம்பித்தார். கேள்விகள் நியாயமானவையாக இருக்கலாம். ஆனால் கேட்பவர் முடிக்க வேண்டிய கால்வாசியையும் அவரே பேசிவிட்டார். சிரிக்க வந்த கூட்டம் மெல்லக் கழன்றது, வாய்ப்புகளும் குறைந்தன. அப்புறமும் பல காலம் மேடையேறினார். 2021-ல் 94 வயதில் இறந்தார்.

அவர் காலத்துக்காரர் லென்னி புரூஸ் வேறு மாதிரி. மதம், பாலுறவு, நிறவெறி பற்றி யாரும் மேடையில் சொல்லாத சொற்களைச் சொன்னார். அதற்காகப் பல ஊர்களில் கைதானார். 1964-ல் நியூயார்க் நீதிமன்றம் ஆபாசம் என்று தண்டித்தது. 1966-ல் நாற்பது வயதில் இறந்தார். 2003-ல் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். செத்து முப்பத்தேழு வருஷம் கழித்து.

உட்காரச் சொன்னால்தான் வருவேன்

டிக் கிரிகரி கதைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அவர் கருப்பின நகைச்சுவையாளர். 1961 தொடக்கத்தில் சிகாகோ பிளேபாய் கிளப்பில் வேறொருவருக்குப் பதிலாகக் கூப்பிட்டார்கள். எதிரே தென்மாநில வெள்ளை வியாபாரிகள் கூட்டம். அவர் சொன்ன ஒரு கதை பிரசித்தம். தெற்கே ஒரு ஹோட்டலுக்குள் போனாராம். 'இங்கே கருப்பர்களைப் பரிமாறுவதில்லை' என்று சொன்னார்களாம். 'பரவாயில்லை, நான் கருப்பர்களைச் சாப்பிடுவதில்லை. ஒரு முழுக் கோழி கொண்டு வாருங்கள்' என்றாராம். தன்னை விரட்டிய வாக்கியத்தையே எடுத்து அதன் இலக்கணத்தைத் திருகிவிட்டார். வெள்ளைக் கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு, தாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

அதே ஆண்டு ஜாக் பார் நடத்திய தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. தேசம் பூராவும் பார்க்கிற நிகழ்ச்சி. அதில் வந்தால் சம்பளம் பல மடங்கு ஏறும். கிரிகரி மறுத்துவிட்டார். காரணம் நாற்காலி. கருப்பினக் கலைஞர்கள் வந்து பாடுவார்கள், ஆடுவார்கள், கைத்தட்டல் வாங்கிக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். வெள்ளைக்காரக் கலைஞர் என்றால் நிகழ்ச்சி முடிந்ததும் பார் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்துப் பேசுவார்கள். உட்காரச் சொன்னால் வருகிறேன் என்றார். பாரே போன் போட்டுப் பேசி ஒத்துக்கொண்டார். கிரிகரி உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பற்றி, வீட்டைப் பற்றி இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். கருப்பின அப்பா ஒருவர் வெள்ளைக்கார அப்பாவோடு சமமாக உட்கார்ந்து குடும்பக் கதை பேசுவதைப் பலர் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரையில் பார்த்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் முற்றத்தில் நிற்க வேண்டும், எந்தக் கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்பதெல்லாம் நாம் கேள்விப்பட்ட வரலாறு மட்டும் இல்லை. கணியான் கூத்து ஆடியவர்களையும் பறை, மேளம் அடித்தவர்களையும் ஊர் எங்கே உட்கார வைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தைக் கொண்டாடிய அதே ஊர்தான்.

மேசையும் சோபாவும்

அரட்டை நிகழ்ச்சி என்ற உருவத்தை ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. வானொலியிலும் உள்ளூர் நிலையங்களிலும் முன்பே பலர் செய்து பார்த்தார்கள். ஆனால் இன்று நமக்குத் தெரிந்த அச்சு பெரும்பாலும் ஸ்டீவ் ஆலன் வார்த்தது. 1954 செப்டம்பர் 27-ல் என்.பி.சி.யில் 'டுநைட்' நிகழ்ச்சி அவரோடு தேசிய அளவில் தொடங்கியது. ஆரம்பத்தில் நின்றபடி தனிப்பேச்சு, பிறகு ஒரு மேசை, விருந்தினர், பக்கத்தில் ஒரு வாத்தியக் குழு, மைக்கைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர் நடுவே போய்க் கதை கேட்பது. எழுபது வருஷம் கழித்தும் உலகத்தில் எந்த ராத்திரி நிகழ்ச்சியைப் போட்டாலும் இதில் பாதியாவது இருக்கும். ஆலன் பியானோ வாசிப்பார், ஆயிரக்கணக்கில் பாட்டும் எழுதியவர். அதனால் அவர் நிகழ்ச்சியில் பேச்சுக்கும் ஒரு தாளக்கட்டு இருந்தது.

அதே நிகழ்ச்சிக்கு 1957-ல் வந்த ஜாக் பார் விளையாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார். கொஞ்சம் பொசுக்கென்று கோபமும் அழுகையும் வருகிற ஆள். 1960 பிப்ரவரியில் அவர் சொன்ன ஒரு கதையை நிலையத்தார் வெட்டினார்கள். ஸ்விட்சர்லாந்தில் வீடு தேடும் ஒரு ஆங்கிலப் பெண்மணி, பக்கத்தில் 'டபிள்யூ.சி.' இருக்கிறதா என்று கடிதத்தில் கேட்கிறார். அவர் கேட்டது கழிப்பறையை. பதில் எழுதிய ஆள், அந்த எழுத்துகளுக்கு 'வேசைட் சேப்பல்' என்று அர்த்தம் எடுத்து, சிற்றாலயத்தைக் கேட்கிறார் போல என்று நினைத்து, ஒன்பது மைல் தள்ளி இருக்கிறது, உட்கார நிறைய இடம் உண்டு, கூட்டமாக வருவார்கள் என்ற ரீதியில் வர்ணிக்கிறார். அவ்வளவுதான் கதை. இதற்கா கத்தரி என்று பார் மறுநாள் நிகழ்ச்சிப் பதிவின்போதே விடைபெற்று நடந்து போய்விட்டார். ஏறக்குறைய ஒரு மாசம் கழித்து, மார்ச் 7-ல் திரும்பி வந்து, 'நடுவில் நிறுத்திவிட்டார்கள், விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்' என்கிற மாதிரி ஆரம்பித்தாராம். கழிப்பறை ஜோக்குக்காக இவ்வளவா என்று தோன்றும். எதைச் சொல்லலாம் என்பதை யார் முடிவு செய்வது என்ற சண்டை பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயத்தில்தான் வெடிக்கிறது.

1962 அக்டோபரில் ஜானி கார்சன் வந்தார். 1992 மே வரை முப்பது வருஷம் போகவில்லை. அவர் பக்கத்தில் எட் மக்மேன். நம் குடக்காரரை அமெரிக்காவில் உட்கார வைத்தால் மக்மேன்தான். அறிமுகம் செய்வது, முதல் ஆளாக வாய்விட்டுச் சிரிப்பது, 'எவ்வளவு வெயில்?' மாதிரி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கார்சனின் தனித்திறமை ஜோக் படுத்துவிட்டால் தெரியும். ஒரு நொடி நிற்பார், பார்வையாளரைப் பார்ப்பார், தன் தோல்வியையே ஜோக்காக்கிவிடுவார். அரசியலில் எல்லாக் கட்சிக்கும் சமமாகக் கொடுப்பார். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று ரசிகனால் ஊகிக்க முடியாது. இதைப் பெரிய குணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அவர் அங்கதத்தின் பல்லைக் கொஞ்சம் ராவி வைத்தார் என்றுதான் படுகிறது. ஆனால் முப்பது வருஷம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தூங்கப் போகும் நேரத்தில் நுழைய வேண்டிய ஆளுக்கு வேறு என்ன வழி என்றும் கேட்கலாம்.

பல்லை ராவாமல் விட்டது இங்கிலாந்து. 1960-ல் எடின்பரோவில் நாலு பல்கலைக்கழக இளைஞர்கள் போட்ட மேடை நிகழ்ச்சியில் பீட்டர் குக் அன்றைய பிரதமர் மேக்மில்லன் போலவே பேசிக் காட்டினார். பிரதமரை மேடையில் அப்படி நகலெடுப்பது அங்கே அதுவரை வழக்கமில்லை. 1962 நவம்பரில் பி.பி.சி.யே வாராந்திர அரசியல் அங்கத நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. நடத்தியவர் டேவிட் ஃப்ராஸ்ட், வயது இருபத்து மூன்று. ஒரு வருஷத்தில், 1963 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் வருகிறது என்று காரணம் சொன்னார்கள். தேர்தல் வருஷத்தில்தானே அது அதிகம் தேவை என்று நாம் கேட்போம், சரி. இதே நிகழ்ச்சி கென்னடி சுடப்பட்ட மறுநாள் ஒரு ஜோக்கும் இல்லாமல் அஞ்சலியாக மட்டும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ராஸ்ட் பின்னால் பேட்டி எடுப்பவராக மாறி, பதவி இழந்த அமெரிக்க அதிபர் நிக்சனை 1977-ல் உட்கார வைத்து, அந்தப் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரம் பற்றி வாய் திறக்க வைத்தார்.

நம் வீட்டுப் பெட்டி

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கினாலும் அந்த அலை நம் ஊருக்கு எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையோரம் நெட்டுக்குத்தாகக் குழாயை நட்டு ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். காற்றடித்தால் ஒருத்தன் மாடியில் திருப்ப, இன்னொருத்தன் கீழிருந்து "வந்துட்டு, வந்துட்டு, ஏ போயிட்டுல" என்று கத்த வேண்டும். அதுவரை திருநெல்வேலி வானொலியும் சிலோன் ரேடியோவும்தான்.

இந்தியாவில் தொலைக்காட்சி அரட்டையின் முன்னோடி தபஸ்ஸும். பம்பாய் நிலையம் தொடங்கிய 1972-லேயே திரைக் கலைஞர்களை அழைத்துப் பேச ஆரம்பித்து 1993 வரை தொடர்ந்தார். அமெரிக்காவில் இந்த நாற்காலியில் பல காலம் ஆண்களே உட்கார்ந்திருக்க, இங்கே முதலில் உட்கார்ந்தது ஒரு பெண் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அவரிடம் குத்தல் கிடையாது, குழைவும் சிரிப்பும்தான். குத்தலுக்கு ஜஸ்பால் பட்டி. 1989-ல் அவருடைய 'ஃப்ளாப் ஷோ' தூர்தர்ஷனில் வந்தது. காண்ட்ராக்டர், டாக்டர், ஆராய்ச்சி வழிகாட்டிப் பேராசிரியர், பொய் மருத்துவ பில் போடும் அரசு ஊழியர் என்று வரிசையாக எடுத்தார். அரசாங்கத்தின் சொந்தப் பெட்டிக்குள்ளேயே அரசாங்க ஆபீசைக் கிண்டலடித்தார். டைட்டிலில்கூடத் தன்னை 'தவறாக இயக்கியவர்' என்று போட்டுக்கொள்வார்.

தமிழில் அரசியல் அங்கதம் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சோ. 1968-ல் 'முகமது பின் துக்ளக்' நாடகம், 1970 பொங்கலுக்குத் 'துக்ளக்' பத்திரிகை. அவருடைய அரசியலோடு எனக்குப் பல இடத்தில் ஒத்துப்போகாது. ஆனால் பைத்தியக்கார ராஜாவைச் சமகாலப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்த யோசனை, கிந்தனாரைக் காலட்சேபத்தில் வைத்ததற்கு நேர் உறவு. பழைய உருவத்துக்குள் புதுச் சரக்கு.

சன் டிவி வந்த பிறகு தொண்ணூறுகளில் விசு 'அரட்டை அரங்கம்' நடத்தினார். அது அங்கதம் இல்லை. பல வாரம் அழுகைதான் அதிகம். ஆனால் அதுவரை சினிமாக்காரருக்கும் அதிகாரிக்கும் இருந்த மைக்கை ஊர் ஊராகப் போய்ச் சாதாரண ஜனங்களிடம் நீட்டியது. நெல்லைப் பேச்சில் ஒரு பீடி சுற்றும் அக்கா தொலைக்காட்சியில் பேசினால் யாரும் அதை ஜோக் என்று நினைக்க மாட்டார்கள் என்ற நிலை இந்த மாதிரி நிகழ்ச்சிகளால்தான் மெல்ல வந்தது. பட்டிமன்றம் என்ற நம் சொந்த உருவத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நடுவர்தான் அங்கே தொகுப்பாளர், இரண்டு அணியும் விருந்தினர்கள். உருவம் அருமை. சிரிப்பு மட்டும் புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தைத் தாண்டி மேலே ஏறத் தயங்குகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் கார்சனிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பெயர்களும் தேதிகளும் குழப்பும். முதலில் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள், முடிந்தால் நந்தனார் கதை தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து டிக் கிரிகரி. நிறவெறி தெரிந்தால் போதும், வேறு குறிப்பு தேவைப்படாது. மோர்ட் சாலுக்குப் போகும் முன் மெக்கார்த்தி பற்றி ஒரு பக்கமாவது படித்துவிடுங்கள். ஜஸ்பால் பட்டிக்கு இந்திகூட அவ்வளவு தேவையில்லை, ஒருதடவை ஏதாவது ஒரு ஆபீசில் சான்றிதழுக்கு அலைந்திருந்தால் போதும். கார்சனை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற மக்மேனைப் பாருங்கள்.